மாத்திரைக்கும் காபிக்கும் நடுவில்

எங்கள் வீட்டில் யாரும் மெதுவாகப் பேசியதில்லை. தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் முதல் வாரம் எங்களைச் சண்டைக்காரக் குடும்பம் என்று நினைப்பார்கள். அடுத்த வாரம் விஷயம் தெரிந்துவிடும். குழம்பில் உப்புப் போதுமா என்று நான் கேட்பது தெருமுனைத் தையல்கடை வரைக்கும் போகும். போதும் என்று என் கணவர் சொல்வது தையல்கடையைத் தாண்டி மெயின் ரோட்டுக்கே போகும். "இன்னாக்கா, இன்னிக்கு உங்க ஊட்டுல முருங்கக்கா சாம்பாரா?" என்று கீழ்வீட்டுப் பெண் என்னைப் படியிலேயே நிறுத்திக் கேட்பாள். மோப்பம் பிடித்து அல்ல, காதால் கேட்டு.

அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவர். தகட்டை அச்சுக்குள் வைத்துப் பெடலை மிதித்தால் மேலிருந்து இரும்பு இறங்கி ஒரே அடியில் வெட்டும். ஒரே ஷெட்டுக்குள் வரிசையாக அப்படிப் பல இயந்திரங்கள். காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு கொடுப்பார்களாம். வியர்வையில் ஊறி மதியத்துக்குள் அது விழுந்துவிடுமாம். அவர் காது ஒரே நாளில் போகவில்லை. முதலில் கொசு போனது. "இப்பல்லாம் கொசுவே இல்லமே" என்று சந்தோஷப்பட்டார். பிறகு குக்கர் விசில் போனது. பிறகு காலிங்பெல். பிறகு எங்கள் ஒரே மகளின் கீச்சுக் குரல் போனது. அவள் பேசும்போது சிரித்த முகமாகத் தலையாட்டக் கற்றுக்கொண்டார். கடைசியில் மிஞ்சியவை லாரியின் உறுமலும் நானும்.

என் குரல் இனிமையானதல்ல. கல்யாணமான புதிதில் "கொஞ்சம் மெதுவா பேசேன்" என்று அவரே சொல்லியிருக்கிறார். அடிவயிற்றிலிருந்து கிளம்பி, கொஞ்சம் கரகரத்து, நேராகப் போய் இடிக்கிற குரல். பின்னாளில் அவருக்கு வெளியே போகவும் உள்ளே வரவும் அது ஒன்றுதான் வழி. டாக்டர் சொல்வதை, வங்கியில் சொல்வதை, மகள் போனில் சொல்வதை, டி.வி.யில் சொல்வதை நான் ஒருமுறை வாங்கி உரக்கத் திருப்பிச் சொல்வேன். மகள் ஒரு காது மெஷின் வாங்கித் தந்தாள். இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றி ஷோகேஸில் வைத்தார். "தட்டு வெச்சாக்கூட பிரஸ்ஸு அடிக்கிற மாரி கீது. மறுபடி வேலைக்கு அனுப்பிட்டியா என்ன?" என்றார். அது இப்போதும் அங்கேதான், மகளின் பள்ளிக்கூடக் கோப்பைக்குப் பக்கத்தில்.

அந்தக் குரலுக்கு அடியில்தான் கட்டி இருந்தது.

அதைப் பார்த்தவள் மகள். ஆவடியில் குவார்ட்டர்ஸில் இருக்கிறாள்; மருமகனுக்கு அங்கே பேக்டரி வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தாள். வெயிலில் காய்கறி வாங்கிவந்த நான் சொம்பை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தேன்.

"மா, இன்னொரு தபா குடி."

"ஏன்டி?"

"குடியேன்."

குடித்தேன். அவள் எழுந்து பக்கத்தில் வந்தாள். "தொண்டையில என்னமோ ஏறி எறங்குதும்மா."

ஸ்கேன், ஊசி குத்தி எடுத்த பரிசோதனை, மறுபடி ஸ்கேன். தைராய்டின் இடப்பக்கத்துப் பாதியை எடுத்துவிடலாம் என்றார்கள். பூந்தமல்லிப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரி. சர்ஜன் ஒரு தாளில் வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒன்றை வரைந்து ஒரு சிறகை அடித்தார். "குரலுக்குப் போற நரம்பு இதை ஒட்டித்தான் போகுது. பாத்துத்தான் எடுப்போம். கொஞ்ச நாள் கரகரப்பு இருக்கலாம். சிலருக்குப் பழைய அளவு சத்தம் வராமலும் போகலாம்."

"இன்னா சொல்றாரு?" என்று பக்கத்திலிருந்து இவர் கேட்டார்.

"நாலு நாள்ல ஊட்டுக்குப் போலாமாம்" என்று உரக்கச் சொன்னேன். சர்ஜன் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் முழுக்க நான் பேசினேன். கேஸ் புத்தகம் எங்கே, அரிசி டப்பாவின் எந்தப் பக்கம் மூடி திறக்கும், மோட்டாரை எப்போது அணைக்க வேண்டும். அவருக்குத் தெரிந்ததையெல்லாம் மறுபடி சொன்னேன். உண்மையில் சொல்ல வந்தது எதுவுமில்லை. குரல் அவர் காதில் போய் விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் போலிருந்தது. "இன்னாமே ஊருக்குப் போறவ மாரி பேசிகினே கீற" என்றார்.

கண் விழித்தபோது தொண்டையில் யாரோ கல்லை வைத்துத் தைத்துவிட்டதாகத் தோன்றியது. அவர் குனிந்து காதை என் வாயருகே கொண்டுவந்தார். "தண்ணி" என்றேன். காற்றுதான் வந்தது. அவர் காதை இன்னும் நெருக்கி வைத்தார். காற்றுதான். நிமிர்ந்து, மகளைப் பார்த்து, "ஒண்ணும் சொல்லலியே" என்றார்.

எடுத்த கட்டியில் கெட்டது எதுவும் இல்லை என்று முடிவு வந்தது. எல்லோருக்கும் கதை அங்கேயே முடிந்துவிட்டது. பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சு கொண்டுவந்தார்கள், தழும்பைப் பார்த்தார்கள், ஒரு செயின் போட்டால் மறைந்துவிடும் என்றார்கள். "பாதிதானேக்கா எடுத்தாங்க, மீதி பாதி கீதே" என்றாள் கீழ்வீட்டுப் பெண், நிஜமான ஆறுதலோடு. நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு கிட்னியில் ஒன்று போனவர்கள் நடமாடவில்லையா?

பிறகு எனக்குக் குளிரத் தொடங்கியது. சென்னையின் மே மாதத்தில், தகர ஷெட்டுகள் வெயிலில் படபடக்கும் நடுப்பகலில், என் கால்விரல்கள் ஈரத்துணி மாதிரி இருந்தன. மின்விசிறியை அவர் வைப்பார், நான் அணைப்பேன், அவர் வைப்பார். தலைவாரினால் சீப்பு நிறைய மயிர். எச்சில் விழுங்கும்போதெல்லாம் கழுத்துக்குள் ஒரு நாடா இறுகி அவிழ்ந்தது. நான் ஓர் அச்சகத்துக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுக்கிறவள். ஒரு பக்கத்தைப் படித்து முடித்ததும் அதைப் படித்தேனா என்று சந்தேகம் வந்து மறுபடி மேலிருந்து தொடங்குவேன். பிறகு அச்சகத்துக்குப் போவதையே நிறுத்தினேன். களைப்பு என்ற சொல் போதாது. வேலை செய்தால் வருவது களைப்பு. இது எனக்கு முன்னாலேயே எழுந்து எனக்காகக் கட்டிலில் காத்திருந்தது.

தொண்டைக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். குரல்நாண் அசைகிறது, ஆனால் சோம்பலாக, என்றார்கள். காலம் ஆகும் என்றார்கள். காலையில் கொஞ்சம் குரல் இருக்கும். மதியத்தில் அது தேயும். விளக்கு வைக்கும் நேரத்தில் மூச்சு மட்டும் மிஞ்சும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது போதும். கீழ்வீட்டுப் பெண்ணிடம் பேசலாம், சிரிக்கலாம். மகளிடம் போனைக் காதோடு ஒட்டிக்கொண்டு பேசலாம். ஒரே ஓர் ஆளிடம்தான் பேச முடியாது. அவரோடுதான் நான் வாழ்கிறேன்.

ஒரு நாள் அவர் தரையில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார், வாசலுக்கு முதுகைக் காட்டி. கேஸ் சிலிண்டர் வந்திருந்தது. கூப்பிட்டேன். கேட்கவில்லை. போய்த் தோளைத் தொட்டேன்.

அவர் உடம்பு மொத்தமும் துள்ளியது. பலகை எகிறி வெங்காயம் கூடமெங்கும் சிதறியது. கத்தியைத் தூரப் போட்டுவிட்டுத் திரும்பினார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"பின்னால வந்து தொடாதமே!"

சிலிண்டர்க்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. அதுவும் சத்தமில்லாமல். இவர் வெங்காயத்தைப் பொறுக்கினார். தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"பெடல் மேல கால் கீது. அச்சுக்குள்ள கை கீது. எவனாச்சும் பின்னால வந்து தோள்ல தட்டுனா இன்னா ஆவும்? கால் அமுக்கிடும். என் பக்கத்து மிஷின்காரனுக்கு அப்டித்தான் மூணு விரலு போச்சு. டீ வந்துச்சுன்னு சொல்ல வந்தவன் தட்டிட்டான், வேற ஒண்ணும் இல்ல." கையிலிருந்த வெங்காயத்தின் தூசியை ஊதினார். "அதுக்கு அப்பால அங்க எவனும் பின்னால வரமாட்டான். சுத்திகினு முன்னால வந்து நிப்பான். நான் அவனப் பாத்து, கால எடுத்துட்டு, கையை இப்டிக் காட்டுவேன். அப்பால பேசுவான்."

விரித்த உள்ளங்கையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிக் காட்டினார். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் இது எனக்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியம் வந்ததில்லை. வீட்டின் எந்த மூலையிலிருந்தும் நான் கத்தினால் அவர் திரும்பிவிடுவார்.

அன்றிலிருந்து நான் சுற்றிக்கொண்டு போனேன். கட்டிலைச் சுற்றி, நாற்காலியைச் சுற்றி, ஒரு சொல் சொல்ல. சமையலறையில் அதுவும் முடியாது. அடுப்புக்கு முன்னால் சுவர். டியூப்லைட்டை அணைத்துப் போட்டால் திரும்பிப் பார்ப்பார். திரும்பிப் பார்த்த பின் நான் சொல்வது கேட்காது. மூன்று தடவை "ஆங்?" என்பார். நான்காவது தடவை கேட்க அவருக்குக் கூச்சம். நான்காவது தடவை சொல்ல எனக்குத் தெம்பில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவேன். எழுதிக் காட்டவும் வழியில்லை; கையெழுத்துப் போடுவதற்கு மேல் அவருக்கு எழுத்துத் தெரியாது. சொல்ல வேண்டியவை, சொல்லாவிட்டாலும் பரவாயில்லை என்பவை, வீண்பேச்சு என்று பிரித்தேன். முதலில் வீண்பேச்சு போனது. அது போன பிறகுதான் நாங்கள் பேசியதில் பெரும்பகுதி அதுதான் என்று தெரிந்தது.

காபியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆபரேஷனுக்கு முன்பு அவர் அடுப்பருகே போனதில்லை. நான் வீட்டுக்கு வந்த மறுநாளிலிருந்து காபி போடத் தொடங்கினார். முதல் ஷிப்டுக்காக விடியும் முன் எழுந்த பழக்கம், ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. முதலில் பாலைப் பொங்கவிட்டார். டிகாஷனில் தூள் மிதந்தது. பத்துப் பதினைந்து நாளில் கை பழகிவிட்டது. டபராவில் ஆற்றி, நுரையோடு டம்ளரை நீட்டி, நான் முதல் வாய் குடிக்கும் வரை நின்று பார்ப்பார். சொல்லால் எதுவும் கொடுத்துவாங்க முடியாத ஒரு வீட்டில் அந்த டம்ளர்தான் எங்கள் பேச்சு. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

தைராய்டின் மீதிப் பாதி தனியாகச் சமாளிக்கவில்லை என்று ரத்தப் பரிசோதனை சொன்னது. மாத்திரை எழுதினார்கள். காலையில், வெறும் வயிற்றில்.

முதல் நாள் காலையில் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்று, "தண்ணியில போட்டுட்டு அப்புறம் குடிக்கிறேன்" என்று அவர் முதுகிடம் சொன்னேன். முதுகு கேட்குமா? அவர் திரும்பினார். ஒரு கையில் டம்ளர். என் உள்ளங்கையைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"மாத்திரையா? இந்தா, பதமா கீது. இதுலயே போட்டுக்க."

போட்டுக்கொண்டேன். அதில் தவறு இருப்பதாக எனக்கு அப்போது தோன்றவே இல்லை. எங்களுக்குக் காபி சாப்பாடல்ல. மூன்று டம்ளர் குடித்தவரும் "காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல" என்றுதான் சொல்வார். வெள்ளிக்கிழமை விரதத்திலேயே காபிக்கு இடமுண்டு. வெறும் வயிறு என்றால் இட்லிக்கு முந்தின வயிறு. அவ்வளவுதான்.

அப்படியே மாதங்கள் போயின. மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். ரத்தத்தில் எதுவும் அசையவில்லை. மறுபடி கூட்டினார்கள். நான் இன்னும் குளிர்ந்தேன், இன்னும் தூங்கினேன். முகம் ஊதியது. அவர் காபியில் கூடுதல் பால் விட்டார், தெம்புக்கு.

ஒரு சாயங்காலம் மாடிப்படியில் துணி எடுத்துக்கொண்டு நின்றேன். கீழே அவர் கீழ்வீட்டுப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார். மெதுவாகப் பேசுவதாக அவர் நினைத்துக்கொள்ளும்போது குரல் இன்னும் பெரிதாகும். தையல்கடையின் மிஷின் சத்தம் நின்றிருந்தது.

"உன்னாண்ட பேசுறா. போன்ல பொண்ணாண்ட பேசுறா. வாய் அசையறத நான் பாக்கறேன்ல? சிரிக்கிறா. என்னாண்ட மட்டும் தலைய தலைய ஆட்டிட்டுப் போறா. நான் இன்னா பண்ணிட்டேன்னே தெரியலமா."

"அய்ய, அப்டில்லாம் இல்லண்ணா. அவங்களால கத்த முடியல, அதான்."

"ஆங்?"

"கத்த முடியலண்ணா."

"ஆங்?"

அவள் கையை விரித்துவிட்டாள். அவர் அதைத் தனக்குத் தோன்றியபடி எடுத்துக்கொண்டார்.

"சரி உடு. இன்னாத்த எடுத்தாங்களோ."

இறங்கிப் போனேன். சுற்றிக்கொண்டு போய் அவருக்கு முன்னால் நின்றேன். நீங்க ஒண்ணும் பண்ணல என்றேன். அந்த நேரத்தில் என்னிடம் குரல் கிடையாது. உதடு மட்டும்தான். இருட்டத் தொடங்கியிருந்தது, உதடும் அவருக்குத் தெரிந்திருக்காது. இரண்டு முறை என்ன என்று கேட்டார். பிறகு என் தோளில் கிடந்த காய்ந்த துணியை வாங்கிக்கொண்டு, "உள்ள போ, உனக்குக் குளிரும்" என்று படியேறினார். கீழ்வீட்டுப் பெண் என் முகத்தைப் பார்க்காமல் கோலமாவு டப்பாவை எடுத்து எதையோ தேடினாள்.

களைப்பை விட, குளிரை விட, நான் பயந்தது அதற்குத்தான். ஒரே வீட்டில் இரண்டு பேர், எதிலும் குறை வைக்காமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, ஆளுக்கொரு கண்ணாடிக்குப் பின்னால் முடிந்துபோவது.

அடுத்த பரிசோதனைக்கு அவரும் வந்தார். இப்போது பார்ப்பவர் மருந்துக்கான டாக்டர், மகள் வயதுப் பெண். முடிவுகளைத் திரையில் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள்.

"இவ்வளவு டோஸுக்கு இது எறங்கியிருக்கணுமே. தினம் போடுறீங்களாம்மா?"

"ஒரு நாள் விடல."

"வெறும் வயித்துல?"

"ஆமா."

"எதோட?"

"காபியோட."

அவள் பேனாவை வைத்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "காபி வெறும் வயிறு இல்லம்மா" என்றாள். காபியும் பாலும் மாத்திரையை உள்ளே போகவிடாது, பாதிக்கு மேல் வீணாகியிருக்கும் என்றாள். தண்ணீரில் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் எதுவும் கூடாது. அது முடியாவிட்டால், ராத்திரிச் சாப்பாடு நன்றாகச் செரித்த பிறகு படுக்கப்போகும்போது போடலாம். குரல் வேறு, அதற்கு இது மருந்தல்ல. ஆனால் இந்தக் களைப்பு குறையும், குளிர் குறையும். "யாரு காபி போடுறது?" என்றாள். நான் பக்கத்து நாற்காலியைக் கையால் காட்டினேன். அவள் அவரைப் பார்த்து, இப்போது அடக்காமல், சிரித்தாள். அவரும் சிரித்துத் தலையாட்டினார், மகளிடம் செய்வதைப் போல.

ஆஸ்பத்திரிப் படிகளில் இறங்கும்போதே முடிவு செய்துவிட்டேன். ராத்திரியில் போட்டுக்கொள்ளலாம். அவருக்குத் தெரியவேண்டாம். காலையில் டம்ளர் வரட்டும், நுரையோடு. தன் கையால் நீட்டியதுதான் என்னை இத்தனை மாதம் படுக்கவைத்தது என்று அவர் எதற்காகத் தெரிந்துகொள்ள வேண்டும்? என்ன லாபம் அதில்?

ஷேர் ஆட்டோவில் குமணன்சாவடி வந்து, வீடு இருக்கும் காட்டுப்பாக்கத்துக்குப் பஸ் பிடிக்க நின்றோம். மெட்ரோ தூண்களுக்கு அடியில் லாரியும் கம்பெனி வேன்களும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு போயின. இருவரும் ரோட்டைப் பார்த்து நின்றிருந்தோம். அவர் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"அந்தப் பொண்ணு என்னப் பாத்து இன்னாத்துக்கு சிரிச்சுது?"

தலையை ஆட்டப் போனேன். ஒன்றுமில்லை என்று. கழுத்து பாதி திரும்பிவிட்டது. தலைய தலைய ஆட்டிட்டுப் போறா என்ற வார்த்தை அங்கேயே என்னைப் பிடித்து நிறுத்தியது. இதையும் சொல்லாமல் விட்டால் இனி எதையும் சொல்ல வேண்டியிருக்காது.

வாயைத் திறந்தேன். அந்தச் சத்தத்தில் எனக்கே என் குரல் கேட்கவில்லை.

அவர் நடைமேடையிலிருந்து இறங்கினார். சுற்றிக்கொண்டு வந்தார். எனக்கு முன்னால், ரோட்டுக்கு முதுகைக் காட்டி, பஸ்கள் வந்து ஒடிக்கிற இடத்தில் நின்றார். கண்ணை என் வாயில் வைத்தார். விரித்த உள்ளங்கையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கினார்.

"இப்ப சொல்லு."

சொன்னேன். சின்னச் சின்னதாக. மாத்திரை. காபி. சேரக் கூடாது. உள்ளே போகலை. ஒவ்வொன்றையும் அவர் உதட்டால் திருப்பிச் சொல்லி, சரியா என்று புருவத்தால் கேட்டு, அடுத்ததுக்குப் போனார். அவருக்குப் பின்னால் பஸ் ஒன்று வந்து முட்டிக்கொள்ளும் தூரத்தில் நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கத்தினார்.

"யோவ் பெர்சு, நடு ரோட்டுல நின்னுகினு இன்னா கொஞ்சலு? ஏறுறியா, இல்ல ஊட்டுல போயி கொஞ்சுறியா?"

நிறுத்தத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவருக்கு அது கேட்கவே இல்லை. திரும்பக்கூட இல்லை. பஸ் எங்களைச் சுற்றி ஒடித்துப் போய்விட்டது. எங்கள் வழியாகப் போகும் ஐயப்பன்தாங்கல் போர்டு, உட்கார இடமும் இருந்தது.

"அப்போ இத்தினி நாளா" என்று தொடங்கி, நிறுத்தினார். தன் கையைப் பார்த்தார். அது இன்னும் தூக்கியபடியே இருந்தது. கீழே போட்டார். "நாந்தானா?"

இல்லை என்று சொல்லவில்லை. "ரெண்டு பேரும்" என்றேன்.

"மொத நாளே சொல்லக் கூடாதா?"

"சொன்னேன்."

"எப்போ?"

"அடுப்பாண்ட நின்னீங்க."

யோசித்தார். "பின்னாலேருந்தா சொன்ன?"

ஆமாம் என்றேன்.

"அதான்" என்றார். வேட்டியின் ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்று யாருக்கோ சொல்வது போலச் சொன்னார். பிறகு என் முழங்கையைப் பிடித்து மேடையில் உட்காரவைத்தார். அடுத்த பஸ் வரும்வரை அவர் பக்கத்தில் உட்காரவில்லை. எதிரில் நின்றார், நான் ஏதாவது சொன்னால் தெரிய வேண்டுமே என்று.

ராத்திரியில் போட்டுக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னதையும் அவரிடம் சொன்னேன். வேண்டாம் என்றார். "காத்தாலயே போடு. நான் பாத்துகினு இருப்பேன்."

இப்போது மாத்திரை முதலில். தண்ணீர் டம்ளரோடு அவரே கொண்டுவருகிறார். நான் விழுங்குவதைக் கழுத்தில் பார்க்கிறார். பிறகு அடுப்புப் பக்கம் போகக் கூடாது. போனால் கை தானாகப் பாலை வைத்துவிடும் என்று அவருக்குத் தன்மேல் பயம். அதனால் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு எனக்கு நேர் எதிரில் உட்காருகிறார். ஒரு மணி நேரம். டி.வி. இல்லை, நான் படிக்கும் பேப்பர் இன்னும் வரவில்லை. என் குரல் ஒரு நாளில் நன்றாக இருப்பது அந்த நேரத்தில்தான். ஜன்னலிலிருந்து வெளிச்சம் என் முகத்தில் விழும்படி நாற்காலியை அவர் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஓர் இடத்தில் நிறுத்திவிட்டார். உள்ளங்கையைத் தூக்குகிறார். நான் பேசுகிறேன். முருங்கைக்காய் விலை, மகளின் மாமியார், கனவில் வந்த ஒரு பஸ். வீண்பேச்சு முதலில் திரும்பி வந்தது.

களைப்பு குறைந்தது. ஒரு நாளில் அல்ல, கார்த்திகை போய்த் தை வந்தபோது, மின்விசிறியை நான் அணைக்க மறந்திருந்ததைக் கவனித்தேன். அச்சகத்திலிருந்து சின்னச் சின்ன வேலை வாங்கிச் செய்கிறேன். நாடா இன்னும் இருக்கிறது. மழை நாளில் இறுகும். சாயங்காலம் குரல் போய்விடும். தையல்கடைக்காரர் எங்கள் வீட்டில் என்ன சமையல் என்று தெரியாமல்தான் இப்போது தைக்கிறார். பழைய குரல் வராது என்று போன முறை சர்ஜன் சொல்லிவிட்டார். இந்தத் தடவை அதையும் அவரிடம் சொன்னேன், காலை வெளிச்சத்தில். "நான்தான் எதிர்லயே குந்திகினு கீறேனே" என்றார்.

போன வாரம் ஜலதோஷம். மாத்திரையை விழுங்கினேன். அவர் எதிரில் உட்கார்ந்து உள்ளங்கையைத் தூக்கினார். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தேன். ஆஸ்பத்திரியில் கண் விழித்த நாள் நினைவுக்கு வந்தது. அவர் கையை இறக்கவில்லை.

"கெடக்கட்டும். இன்னிக்கு நான் சொல்றேன், நீ கேளு" என்றார்.

பிரஸ் ஷாப்பைப் பற்றிச் சொன்னார். விரல் போனவனைப் பற்றி. டீ வந்ததைச் சொல்ல வந்து தோளைத் தட்டியவனையே அவன் பிறகு தன் தங்கைக்குக் கட்டிவைத்ததைப் பற்றி. காது முழுதாக இருந்த காலத்தில் ஷெட்டின் ஓட்டு இடுக்கில் கூடு கட்டிய புறாக்களைப் பற்றி. ஒரு நாள், மிஷின்கள் நின்ற சாப்பாட்டு நேரத்தில், புறா தொண்டையைப் புடைத்துக் கத்துவது தெரிந்ததாம், சத்தம் வரவில்லையாம். அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்ததாம். யாரிடமும் சொல்லவில்லையாம். என்னிடமும்.

எல்லாம் முழுக் குரலில். படியில் யாரோ நிற்கும் சத்தம். கீழ்வீட்டுப் பெண்ணாகத்தான் இருக்கும், பால் வாங்கப் போகிறவள், நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவர் கையை இன்னும் தூக்கியபடி சொல்லிக்கொண்டே போனார். ஒரு மணி நேரம் எப்போதோ ஆகிவிட்டிருந்தது. அன்றைக்குக் காபி தாமதமாகத்தான் வந்தது.